ஐந்து பெற்றவளுக்கு என்ன பயம்? கர்ப்ப ஆபத்தைப் பாஜோ பெண்கள் பார்க்கும் விதம்

இந்தோனேசியாவில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் மருத்துவச்சிகள் ஒரு மதிப்பெண் அட்டை வைத்திருப்பார்கள். சுரபாயாவைச் சேர்ந்த மருத்துவர் பூஜி ரோக்யாத்தி வகுத்த அட்டை அது. கர்ப்பம் என்றாலே 2 மதிப்பெண். 35 வயதை எட்டியிருந்தால் கூட ஒரு 4. நாலு பிள்ளைக்குக் குறையாமல் பெற்றிருந்தால் 4. முந்தைய பிள்ளைக்கு இரண்டு வயது நிறையும் முன்பே மறுபடி உண்டாகியிருந்தால் 4. உயரம் 145 செ.மீ.யைத் தாண்டவில்லை என்றால் 4. முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் 8, குழந்தை குறுக்கே கிடந்தால் 8, உதிரப்போக்கு இருந்தால் 8. எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். வெறும் 2 என்றால் பச்சை. 6 முதல் 10 வரை மஞ்சள். 12ஐத் தொட்டுவிட்டால் சிவப்பு. பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும்.

தென்கிழக்கு சுலாவேசியில், கடல்மேல் நிற்கும் தூண் வீடு ஒன்றில் இருக்கும் 36 வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்வோம். ஐந்து பிள்ளைகள். கடைசிக்கு ஒன்றரை வயது. இப்போது ஐந்து மாதம். அட்டைப்படி அவளுக்கு 14, அதாவது சிவப்பு. ஆனால் அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. வாந்தி நின்றுவிட்டது, பசிக்கிறது, வழக்கம்போல மீன் காயப்போடுகிறாள். ஐந்து பிள்ளைகளும் இதே வீட்டில், ஒரே கிழவியின் கையில் பிறந்தவை. அவளிடம் போய் "உங்களுக்கு ஆபத்து ரொம்ப அதிகம்" என்று சொன்னால் அவள் எதை வைத்து நம்புவாள்?

பாஜோ பெண்களுக்குக் கர்ப்ப ஆபத்து பற்றிய அறிவு குறைவு என்று சுகாதாரத் துறையினர் சொல்வதுண்டு. அட்டையில் இருப்பதைக் கேள்விகளாக்கிக் கேட்டால் அப்படித்தான் தெரியும். ஆனால் இந்தப் பெண்கள் பிரசவத்தைக் கண்டு பயப்படாதவர்கள் என்று யாராவது நினைத்தால் அது பெரிய தவறு. அவர்களுக்குப் பயம் நிறைய உண்டு. அந்தப் பயம் எதைச் சுற்றி நிற்கிறது, அதற்கு என்ன செய்துகொள்கிறார்கள் என்று பார்த்தால்தான் அட்டை ஏன் அவர்கள் மனதில் ஒட்டவில்லை என்பது புரியும்.

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். தங்களைச் சாமா என்று அழைத்துக்கொள்ளும் இந்தக் கடல் மக்கள் பிலிப்பைன்ஸின் தெற்கிலும், மலேசியாவின் சபாவிலும், இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளிலும் பரவியிருக்கிறார்கள். இந்தோனேசியாவில் அவர்களுக்குப் பாஜோ என்று பெயர். ஒரு காலத்தில் பிறப்பு, சமையல், கல்யாணம், சாவு எல்லாமே படகில்தான். போன நூற்றாண்டில் பெரும்பாலோர் கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில் மரத்தூண்கள் நட்டும், பவளக் கற்களைக் குவித்தும் வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். வாங்கி-வாங்கி, கலெதுபா, தோமியா, பினோங்கோ என்ற நான்கு தீவுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்த வக்காத்தோபியில் இப்படிப் பல ஊர்கள். வாங்கி-வாங்கிக் கரையில் இருக்கும் மோலா அவற்றில் பெரியது. 1950களில் சுலாவேசியில் ஆயுதக் கிளர்ச்சி நடந்தபோது கலெதுபாப் பக்கமிருந்து தப்பி வந்தவர்களால் வளர்ந்த ஊர் அது. கலெதுபாவுக்கு எதிரே, கரையோடு ஒட்டாமல் தண்ணீருக்கு நடுவில் நிற்பது சாமா பஹாரி. சம்பெலா என்றும் சொல்வார்கள்.

2018இல் பாஜோக்களைப் பற்றி ஒரு ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மத்திய சுலாவேசியில் உள்ள ஒரு பாஜோ ஊரில் பரிசோதித்தபோது, பக்கத்துக் கரைவாசிகளைவிட இவர்களின் மண்ணீரல் ஏறக்குறைய 50 சதவீதம் பெரிதாக இருந்தது. மூச்சை அடக்கி முங்குவதற்கு உடம்பே மாறிக்கொண்டது என்று வியந்தார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் அதே ஊர்களின் பெண்கள் பிரசவத்தில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்த வியப்பில் நூற்றில் ஒரு பங்கு கூடக் கிடைக்கவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

சரி, அந்தப் பயத்துக்கு வருவோம்.

சுலாவேசிக் கரையோர மக்களிடம் பமாலி என்ற விலக்குகள் உண்டு. கர்ப்பிணி வாசற்படியில் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் பிள்ளை வாசலிலேயே சிக்கிக்கொள்ளும். கழுத்தைச் சுற்றித் துண்டு போடக்கூடாது. கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றும். கணவாய், நண்டு, இறால் போன்றவற்றில் சிலவற்றைத் தின்னக்கூடாது. இந்த விலக்குகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கணவனுக்கும் விலக்குகள் உண்டு. இதைக் கேட்டதும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பிள்ளை சிக்கிக்கொள்வது, கொடி சுற்றிக்கொள்வது, நஞ்சுக்கொடி இறங்காமல் போவது என்று பிரசவ அறையில் மருத்துவர்களை நடுங்க வைக்கிற அதே விபத்துகளைத்தான் பமாலியும் பேசுகிறது. பல தலைமுறைப் பெண்கள் கண்ணெதிரே பார்த்த சாவுகளின் பட்டியல் அது.

விலக்குகள் தாய்க்கு உதவுகின்றனவா என்பது தனிக் கேள்வி. சில விலக்குகள் நேராகவே கெடுதல். கடலில் கிடைக்கும் புரதத்தை நம்பி வாழும் பெண்ணுக்கு அதில் ஒரு பகுதியை நிறுத்தினால் இழப்பு அவளுக்குத்தான். தண்ணீர்மேல் இருக்கும் ஊரில் கீரை, காய் விளைய இடமில்லை. குடிக்கிற நல்ல தண்ணீரே கரையிலிருந்துதான் வந்தாக வேண்டும். 2018இல் இந்தோனேசிய அரசு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.9 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தம் ஏற்கெனவே குறைந்த உடம்பில் பிரசவ உதிரப்போக்கு இரண்டு மடங்கு ஆபத்தாகிவிடும்.

இருந்தாலும் பமாலிக்கு ஒரு பலம் உண்டு, அட்டைக்கு அது இல்லை. வாசற்படியில் உட்காராதே என்றால் எழுந்து போய்விடலாம். துண்டை எடுத்துவிடலாம். செலவில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இன்றைக்கே செய்யலாம். அட்டையோ 36 வயதைச் சொல்கிறது. வயதை அவள் என்ன செய்ய முடியும்? ஐந்து பிள்ளை பெற்றதை எப்படித் திரும்ப எடுக்க முடியும்? உயரத்தை எங்கே போய்க் கூட்டுவது? அட்டை கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: தீவு தாண்டி மருத்துவமனைக்குப் போ. அது அவள் கையில் இல்லை. ஒன்றும் செய்ய முடியாத எச்சரிக்கையை யாருமே மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். படித்தவர்களும் அப்படித்தான்.

இந்தோனேசியச் சுவரொட்டிகளில் இதே விஷயத்தை நான்கு மிகைகளாகச் சுருக்கியிருப்பார்கள். மிக இளவயது, மிக அதிக வயது, மிக நெருக்கமான பிரசவங்கள், மிக அதிகமான பிள்ளைகள். 20 வயதுக்குக் கீழே, 35க்கு மேலே, இரண்டு வருடத்துக்கும் குறைந்த இடைவெளி என்று எண்களும் இருக்கும். இதில் கடைசி மிகைதான் பாஜோ பெண்ணின் அனுபவத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது. தலைப்பிரசவம் பயம், அதற்குப் பிறகு வழி தெரிந்த பாதை என்பது அங்கே மட்டுமா, நம் பாட்டிமார்களும் அப்படித்தானே சொன்னார்கள். ஐந்தாவது, ஆறாவது பிள்ளை பெரும்பாலும் சீக்கிரமாகவே பிறக்கும் என்பதும் உண்மை. சிக்கல் பிறந்த பிறகு. பிள்ளை வெளியே வந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்கள் மூடும். பலமுறை விரிந்து தளர்ந்த தசை சில நேரம் சுருங்க மறுக்கும். அப்போது கொட்டுகிற இரத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோய்விடக் கூடும். ஐந்து முறை நன்றாகப் போனதே ஆறாவது முறை கெடுவதற்கும் ஒரு காரணமாகிறது என்பதை அனுபவத்தால் கற்றுக்கொள்ள வழியே இல்லை. ஆயிரக்கணக்கான பிரசவங்களைச் சேர்த்து எண்ணிப் பார்த்தால்தான் அது தெரியும். ஒரு சிறிய ஊரில் ஒரு பெண் வாழ்நாளில் பார்ப்பது சில டஜன் பிரசவங்கள்.

இரத்தக் கொதிப்பும் இப்படித்தான். 140/90ஐத் தாண்டினாலும் பல பெண்களுக்கு எந்த உணர்வும் இருக்காது. கால் வீங்கும், கர்ப்பத்தில் கால் வீங்குவது சாதாரணம் என்பதால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். முகமும் கையும் வீங்கி, தலை விடாமல் வலித்து, கண் மங்கினால் அது வேறு விஷயம். அடுத்தது வலிப்பு. நோய்க்கும் விபத்துக்கும் காரணம் தேடும்போது, கடலில் உறையும் முன்னோரின் மனத்தாங்கலையும் நினைத்துப் பார்ப்பது பாஜோ வழக்கம். திடீரென்று வருகிற வலிப்பை அந்தக் கணக்கில் சேர்ப்பதில் வியப்பில்லை. அப்போது முதலில் சாண்ட்ரோவிடம் போவார்கள். படகு அப்புறம்தான் கிளம்பும்.

சாண்ட்ரோ என்பவர் ஊரின் நாட்டு மருத்துவச்சிப் பாட்டி. வயிற்றைத் தடவிப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொல்வார், ஓதித் தண்ணீர் கொடுப்பார், பிரசவம் பார்ப்பார், பிறகும் பல நாள் வந்து தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டுவார். பாஜோ நம்பிக்கையில் நஞ்சுக்கொடி குப்பை கிடையாது. அது பிள்ளையின் உடன்பிறப்பு. அதைக் கடலில் சேர்ப்பார்கள். அங்கிருந்து அது பிள்ளையைக் காக்கும். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் கடலில் இருக்கும் அந்த உடன்பிறப்புக்குப் படையல் வைப்பார்கள். ஆகவே கடலை விட்டு எங்கேயோ ஒரு கட்டடத்தில் போய்ப் பெறுவது இடமாற்றம் மட்டுமாக இருப்பதில்லை. பிள்ளைக்குச் சேர வேண்டிய ஒரு காவல் கைதவறிப் போகலாம் என்ற கவலையும் தாயோடு படகேறுகிறது. அவள் கணக்கில் அதுவும் கர்ப்ப ஆபத்துதான். நம் அட்டையில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

1989இல் இந்தோனேசியா கிராமத்துக்கு ஒரு மருத்துவச்சி என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்து அனுப்பியது. எண்ணிக்கையில் அசாத்தியமான சாதனை. ஆனால் அனுப்பப்பட்டவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண்கள். பிள்ளை பெறாத, ஊர்ப் பாஷை தெரியாத, கரையிலிருந்து வந்த ஒரு பெண், அறுபது வயது சாண்ட்ரோவுக்கு எதிரே எப்படி நிற்பாள்? பாஜோ ஊரில் இதன் மேல் இன்னொரு பாரமும் உண்டு. கரைவாசிகள் இவர்களை நீண்டகாலமாகத் தாழ்வாக நடத்தியிருக்கிறார்கள். கடலை விட்டு ஏறுங்கள், நாகரிகமாகுங்கள் என்று அரசுத் திட்டங்கள் இவர்களை மீண்டும் மீண்டும் கரையேற்றப் பார்த்திருக்கின்றன. அந்த நினைவோடு இருப்பவர்கள் கரைக்காரி சொல்லும் எச்சரிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

மிக இளவயது என்ற மிகையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1974 சட்டம் பெண்ணின் திருமண வயதை 16 என்று வைத்திருந்தது. 2019இல் அதை 19 ஆக்கினார்கள். நீதிமன்ற அனுமதி வாங்கி அதற்கு முன்பே மணமுடிக்க இன்னமும் வழி இருக்கிறது. பள்ளி எட்டாத ஊரில் பெண்பிள்ளைக்குப் படிப்பு நின்றதும் அடுத்தது கல்யாணம். இதில் அந்தப் பெண்ணின் புரிதல் எங்கே வருகிறது? முடிவெடுத்தவள் அவள் இல்லையே.

முடிவெடுப்பது யார் என்ற கேள்வி பிரசவ நேரத்தில் இன்னும் கூர்மையாகிறது. பேறுகாலச் சாவுகளை மூன்று தாமதங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1994இல் சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். போக வேண்டும் என்று முடிவு செய்வதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தூண்மேல் நிற்கும் ஊரில் இது எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாஜோ ஆண்கள் பொங்கா என்று நெடும்பயணம் போவார்கள். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். வலி வரும்போது கணவன் ஊரில் இல்லை என்றால் மாமியார், அம்மா, சாண்ட்ரோ மூவரும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். செலவுக்கு யார் பொறுப்பு? அரசுக் காப்பீடு உண்டு, ஆனால் அதற்கு அடையாள ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும். காப்பீடு சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும். கூட வருபவர்களின் சாப்பாடும், வீட்டில் விட்டுவந்த ஐந்து பிள்ளைகளின் பாடும் குடும்பத்தின் தலையில்.

அப்புறம் கடல். நீர் வற்றினால் பவளத் திட்டுகளுக்கு மேல் படகு மிதக்காது. ஓதம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று அந்தத் தீவுகளைப் புரட்டியெடுக்கும். ஆண்டின் தொடக்க மாதங்களில் மேற்குக் காற்று. இரவில் அந்த அலையில் உதிரம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணைச் சிறு படகில் ஏற்றிக்கொண்டு போவதை ஊரார் ஆபத்து என்று நினைத்தால் அவர்கள் நினைப்பது சரி. இரண்டு ஆபத்துகளில் எது பெரியது என்று அவர்கள் எடை போடுகிறார்கள். ஒன்றை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள், மற்றது காகிதத்தில் இருக்கிறது.

ஆபத்துள்ளவர்களை முன்கூட்டியே பிரித்தெடுக்கும் இந்த வழிமுறையே எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வியும் உண்டு. ஜைர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கசோங்கோவில் செய்து 1984இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் போட்டு உடைத்தது. பிள்ளை சிக்கிக்கொண்ட பெண்களில் 71 சதவீதம் பேர் முன்கூட்டிக் கணிக்கப்பட்ட பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இருந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அந்தச் சிக்கல் வரவே இல்லை. 1997இல் நம் பக்கத்துக் கொழும்பில் கூடிய பாதுகாப்பான தாய்மைக்கான நிபுணர் கூட்டம், எல்லாக் கர்ப்பத்திலும் ஆபத்து உண்டு என்பதை முக்கியச் செய்திகளில் ஒன்றாக அறிவித்தது. ஆபத்து இல்லாதவள் என்று எவளையும் ஒதுக்கிவைக்க முடியாது, எல்லோருக்கும் அவசர சிகிச்சை எட்ட வேண்டும் என்பது அதன் பொருள். சிவப்பு அட்டை வாங்கியும் சுகமாகப் பெற்றுவிட்ட பத்துப் பெண்களை ஊர் பார்த்திருக்கிறது. பச்சை அட்டையோடு செத்துப்போன ஒருத்தியையும் பார்த்திருக்கலாம். அட்டையை ஊர் நம்பாமல் போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இதனால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. முன்பு சிசேரியன் ஆனவள், பிள்ளை குறுக்கே கிடப்பவள், போன பிரசவத்தில் வலிப்பு வந்தவள் ஆகியோரைக் கடல்மேல் விட்டுவைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அட்டை சிவப்பு என்று சொன்னதோடு நிற்கக்கூடாது. அவள் இன்றைக்கே செய்யக்கூடிய ஏதோ ஒன்றும் அதனுடன் சேர்ந்து வர வேண்டும். அப்படிப்பட்டவை இருக்கின்றன. முன்பு கொதிப்பு வந்தவளுக்கு, ஐந்து மாதம் நிறையும் முன்பே மருத்துவர் மேற்பார்வையில் தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்த இடங்களில் கால்சியம் மாத்திரையும் கொதிப்பைக் குறைக்கும். இரும்புச்சத்து மாத்திரை எல்லோருக்கும். இவை பமாலியைப் போலவே வீட்டுக்குள், அவள் கையால் நடக்கிறவை. தின்னக்கூடாது என்ற விலக்கைக் கேட்டு நடக்கும் பெண், தின்ன வேண்டும் என்பதையும் கேட்பாள், காரணம் அவளுக்குப் பொருந்தும்படி சொல்லப்பட்டால்.

2007இல் இந்தோனேசியா கொண்டுவந்த பிரசவத் திட்டமிடல் முறையில் கர்ப்பிணியின் வீட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பெயர், எதிர்பார்க்கும் தேதி, பிரசவம் பார்ப்பவர், வண்டி கொடுப்பவர், இரத்தம் கொடுப்பவர் என்று அதில் எழுத வேண்டும். எனக்கு அட்டையைவிட இந்த ஸ்டிக்கர் பிடிக்கும், ஏனென்றால் இது ஊரையும் சேர்த்து இழுக்கிறது. பாஜோ ஊரில் அதைச் சும்மா நிரப்பக் கூடாது. யாருடைய படகு, எஞ்சின் வேலை செய்கிறதா, எரிபொருள் யார் வைத்திருப்பது, அந்த மாதம் அவர் பொங்காவில் இருப்பாரா, அன்றைய ஓதம் எப்போது ஏறும் என்று கேட்டு எழுத வேண்டும். ஓதத்தை அவர்களைவிடத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது.

சாண்ட்ரோவை எதிரியாக்காமல் கூட்டாளியாக்கும் முயற்சியைத் தெற்கு சுலாவேசியின் தக்காலார் மாவட்டம் 2007 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. அங்கே இவர்களுக்குச் சன்ரோ என்று பெயர். கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு வருவதும், பக்கத்தில் இருந்து தேற்றுவதும், ஓதுவதும், பிறகு குளிப்பாட்டுவதும் அவர் வேலை; பிரசவம் பார்ப்பது மருத்துவச்சியின் வேலை. பாஜோ ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வலிப்புக்கு முதலில் சாண்ட்ரோவைத்தான் கூப்பிடுவார்கள் என்றால், படகை எடுக்கச் சொல்லும் முதல் குரலும் அவருடையதாக இருக்கட்டும். அவர் ஓதிக்கொண்டே கூட வரட்டும். மருத்துவமனையில் நஞ்சுக்கொடியைக் கழுவிப் பொதிந்து குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டால் போதும், அவர்கள் கொண்டுபோய்க் கடலில் சேர்த்துக்கொள்வார்கள்; பேறு முடிந்து நஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோவது இந்தோனேசியாவின் பல பகுதிகளில் புழக்கத்தில் உள்ளதுதான். அதை முன்கூட்டியே, பரிசோதனைக்கு வரும்போதே சொல்லிவிட்டால் ஒரு பெரிய பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தோனேசியாவில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விரிவான பகுதி தந்த கணக்குப்படி, ஒரு லட்சம் பிறப்புக்கு 189 தாய்மார்கள் இறக்கிறார்கள். 2030க்குள் 70க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது உலகளாவிய இலக்கு. மிச்சம் இருக்கும் சாவுகளில் பெரும்பங்கு எளிதில் எட்டாத ஊர்களில் இருக்குமானால், சுவரொட்டி அச்சடிப்பதால் அந்த எண் இறங்காது. 2015இலிருந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்திய அரசு பணம் அனுப்புகிறது. அந்தக் கிராம நிதியில் ஒரு நல்ல எஞ்சின் வைத்த படகு வாங்கலாம், எரிபொருளை எப்போதும் நிரப்பி வைக்கலாம், இரவில் ஓட்டுவதற்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். வலி தொடங்கும் முன்பே சிவப்பு அட்டைக்காரியைத் தீவுக்குக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் காத்திருப்பு வீட்டில், அவளோடு சின்னப் பிள்ளைகளும் சாண்ட்ரோவும் தங்க இடமும் சோறும் கொடுக்கலாம். நிதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் கிராமக் கூட்டத்தில் பிள்ளை பெறுகிற பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் சுகாதாரத் துறை முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.